எதனோடு ஒப்பிட்டார்கள்? – உளநோய்ச் சிகிச்சைகள் சோதிக்கப்பட்ட வரலாறு

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலை வேளை, எனக்கு அறிமுகமான ஒரு தாய் கையிற் கடிதமொன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் இருபது வயதைக் கடந்த இளைஞன். இரண்டு ஆண்டுகளாக உளநோயினால் வருந்துபவன். அவனுக்கு வைத்தியம் செய்யும் வைத்தியசாலையிலிருந்து அக்கடிதம் வந்திருந்தது. புதிய சிகிச்சை முறையொன்றை ஆராயவிருப்பதாகவும், அந்த ஆய்விற் பங்குபற்ற அவன் விரும்புகிறானா என்றும் கேட்டிருந்தார்கள். நான்கு பக்க விளக்கமும், கையொப்பமிடுவதற்கான படிவமும் இணைக்கப்பட்டிருந்தன. விளக்கத்தை நான் தமிழிற் சொல்லிக்கொண்டு வந்தேன். "பங்குபற்றுவோர் எழுமாற்று முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர்" என்ற இடத்துக்கு வந்ததும் அவர் என்னை இடைமறித்தார்.

"மாஸ்ரர், சீட்டுக் குலுக்கியோ என்ர பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போகினம்? அப்ப எது நல்லதெண்டு இவைக்கே தெரியாதோ?"

அவருடைய கேள்வி நியாயமானது. நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி, ஊரில் வரலாறு படிப்பித்தவன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே அக்கேள்விக்கு விடை தேட முற்பட்டேன். ஒரு வைத்தியருக்கு எது நல்லதென்று தெரிந்துவிட்டதாக அவரே முழுமையாக நம்பிய காலங்களில் நோயாளருக்கு என்ன நேர்ந்தது? சீட்டுக் குலுக்கும் வழக்கம் எப்படி, எதனால் வந்தது? தேடிக் கண்டவற்றை எமது குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கு எழுதுகிறேன்.

நல்லவர் ஒருவர் செய்த தீங்கு

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ட்ரென்ரன் என்ற நகரில் அரசாங்க மனநோய் வைத்தியசாலையொன்று இருக்கின்றது. 1907ஆம் ஆண்டு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஹென்றி கொட்டன் என்ற இளம் வைத்தியர். ஐரோப்பாவிற் புகழ்பெற்ற ஆசான்களிடம் பயின்றவர். நோயாளரைக் கட்டிவைக்கும் வழக்கத்தைத் தமது வைத்தியசாலையில் ஒழித்தவர். அக்கால அளவுகோல்களின்படி அவர் முற்போக்காளர், இரக்கமுள்ளவர்.

அன்று வைத்திய உலகில் ஒரு புதிய நம்பிக்கை பிறந்திருந்தது. மேகநோயின் இறுதிக்கட்டத்தில் அறிவு பேதலித்து இறந்தோரின் மூளையில் அந்நோயின் கிருமியே இருப்பதை 1913ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். அவ்வாறாயின் ஏனைய மனநோய்களுக்கும் உடலின் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமிகளே காரணமாக இருக்கக்கூடாதா? கொட்டன் அவ்வாறே நம்பினார். நோயாளரின் பற்களைப் பிடுங்குவித்தார். தொண்டையிலுள்ள 'டொன்சில்' சதையை அகற்றினார். அதன் பின்பும் குணமாகாதவர்களுக்குப் பெருங்குடலின் பகுதியையோ முழுவதையுமோ வெட்டி எடுத்தார். நூற்றுக்கு 85 பேர் குணமடைவதாக அறிவித்தார். பத்திரிகைகள் புகழ்ந்தன. தொலைவிலிருந்தெல்லாம் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அவரிடம் அழைத்து வந்தனர். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையே பிடுங்குவித்த அளவுக்கு அவருடைய நம்பிக்கை உண்மையானதாக இருந்தது.

நியூயோர்க்கில் கோப்பெலொஃப் என்ற கிருமியியலாளரும் செனி என்ற மனநோய் வைத்தியரும் இக்கூற்றைச் சோதிக்க எண்ணினார்கள். அவர்கள் செய்தது மிக எளிய காரியம். இயன்றவரை ஒத்த தன்மையுள்ள நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்குக் கிருமி தொற்றியதாகக் கருதப்பட்ட பற்களையும் சதைகளையும் அகற்றினார்கள். மற்றக் குழுவினரை அவ்வாறு செய்யாமல் வைத்துப் பார்த்தார்கள். 1922ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சை பெற்ற குழுவில் அதிகம் பேர் குணமடையவில்லை. சிகிச்சை பெறாதோரிலும் அதேயளவு பேர் தாமாகவே தேறியிருந்தனர்.

வாசகர்கள் இங்கு ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். மனநோய் ஒரே சீராக நிற்பதன்று. கடல் நீர் பெருகுவதும் வற்றுவதும் போல அது தானாகவே கூடும், குறையும். நோய் உச்சத்தில் இருக்கும்போதே நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம், கோயிலில் நேர்த்தி வைக்கிறோம், மந்திரிப்பவரைத் தேடுகிறோம். உச்சத்தை அடைந்த நோய் இயல்பாகவே சிறிது தணிகிறது. அவ்வேளையில் எதைச் செய்தோமோ அதுவே தணித்தது என்று நம்புகிறோம். கொட்டனும் அவ்வாறே நம்பினார். அவரிடம் இல்லாதிருந்தது அறிவோ அன்போ அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மற்றொரு குழு அவரிடம் இருக்கவில்லை.

ஒப்பீடு உலகுக்குக் கிடைத்தும் அதை ஏற்பாரில்லை. 1924ஆம் ஆண்டு பிலிஸ் கிறீனேக்கர் என்ற இளம் பெண் வைத்தியர் ட்ரென்ரனுக்கு அனுப்பப்பட்டார். நோயாளர் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வீடு திரும்பியவர்களையும் நேரிற் சென்று பார்த்தார். குடல் வெட்டப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பதைக் கண்டார். அவருடைய அறிக்கை வெளியிடப்படவில்லை. கொட்டன் 1930 வரை பதவியில் இருந்தார்.

வியன்னாவிலிருந்து வந்த ஆழ்மயக்கம்

இன்சுலின் 1921ஆம் ஆண்டு ரொறன்ரோவிற் கண்டுபிடிக்கப்பட்டது. நீரிழிவு நோயாளருக்கு அது உயிர் தந்த மருந்து. எங்கள் வீடுகளில் இன்று குளிரூட்டிக்குள் இருக்கும் அதே மருந்துதான். இன்சுலின் அளவு மீறினால் குருதியிற் சீனி குறைந்து மயக்கம் ஏற்படும் என்பதை எம்மிற் பலர் அனுபவத்தில் அறிவோம்.

மன்ஃபிரெட் சாக்கல் என்ற வைத்தியர் பெர்லினிற் போதைப் பழக்கத்துக்கு ஆளானோருக்குச் சிறிதளவு இன்சுலின் கொடுத்து வந்தார். தற்செயலாகச் சிலர் ஆழ்மயக்கத்தில் வீழ்ந்தனர். கண் விழித்தபோது அவர்களின் மனநிலை தெளிந்திருந்ததாக அவருக்குத் தோன்றியது. 1933ஆம் ஆண்டு வியன்னாவுக்குத் திரும்பியதும், சிக்சோபிரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கு இதையே சிகிச்சையாக்கினார். புதிதாக நோயுற்றோரிற் பெரும்பாலோர் குணமடைவதாக அறிவித்தார். மனச்சிதைவு நோய்க்கு அதுவரை எந்த மருந்தும் இருக்கவில்லை. ஆகவே சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் இச்சிகிச்சை பரவியது.

சிகிச்சை நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. காலையில் உணவின்றி ஊசி மூலம் இன்சுலின் ஏற்றுவார்கள். நோயாளர் வியர்த்து, நடுங்கி, சிலவேளை வலிப்புற்று, உணர்விழப்பர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்நிலையில் வைத்திருந்தபின், மூக்கு வழியாகச் செலுத்திய குழாயினாலோ நாளத்தினூடாகவோ சீனிக் கரைசலைக் கொடுத்து எழுப்புவார்கள். கிழமையில் ஐந்து அல்லது ஆறு நாட்கள், மொத்தம் ஐம்பது அறுபது முறை இது நடைபெறும். நூற்றில் ஒருவரோ அதற்கு மேற்பட்டவரோ விழிக்காமலே இறந்தனர்.

ஆயினும் இச்சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட விடுதி மற்ற விடுதிகளைப் போன்றதன்று. பெரிய மனநோய் வைத்தியசாலைகளில் ஒரு வைத்தியர் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்சுலின் விடுதியிலோ சிலரே இருந்தனர். உயிராபத்து இருந்ததால் தாதியர் கட்டிலருகிலேயே காத்திருந்தனர். விழித்ததும் குளிப்பாட்டி, உணவூட்டி, மாலையில் உலாவவும் விளையாடவும் அழைத்துச் சென்றனர். தாதியரும் வைத்தியரும் தாங்கள் பெரும்பணி ஒன்றைச் செய்கிறோம் என்ற உற்சாகத்துடன் உழைத்தனர். நோயாளர் தேறியதும் உண்மை. எதனால் தேறினர் என்பதே கேள்வி.

அதே காலப்பகுதியில், 1935ஆம் ஆண்டு, லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் என்பவர் மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அதற்கும் ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை. பல்லாயிரம் பேருக்கு அது செய்யப்பட்டது. 1949ஆம் ஆண்டு மொனிஸுக்கு நோபல் பரிசும் வழங்கப்பட்டது. பரிசு கிடைப்பது வேறு; உண்மை நிறுவப்படுவது வேறு.

மூடிய உறைக்குள் ஒரு தீர்ப்பு

மாற்றம் மனநோய்த் துறையிலிருந்து வரவில்லை, காசநோயிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஸ்ரெப்ரோமைசின் என்ற புதிய மருந்து அமெரிக்காவிற் கிடைத்தது. போரினால் நொடித்திருந்த பிரித்தானியாவால் அதைச் சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்கப் போதாது, யாருக்குக் கொடுப்பது? ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் என்ற புள்ளிவிபரவியலாளர் வழி சொன்னார். அவரே இளமையிற் காசநோயினால் நீண்டகாலம் படுக்கையிற் கிடந்தவர். எழுமாற்று எண்களின்படி ஒவ்வொரு நோயாளருக்குமான தீர்ப்பை மூடிய உறைகளுக்குள் இட்டு வைத்தார். நோயாளர் ஆய்விற் சேர்க்கப்பட்ட பின்னரே உறை திறக்கப்பட்டது. ஆகவே எந்த வைத்தியரும் தமக்கு வேண்டியவரையோ, தேறக்கூடியவரையோ தெரிந்தெடுத்து மருந்துக் குழுவிற் சேர்க்க முடியவில்லை.

55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் கிடைத்தன. ஆறு மாதங்களில் மருந்து பெற்றோரில் 4 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். மார்புப் படங்களைப் பரிசீலித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு வைத்திய வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

ஆசிரியராக இருந்த எனக்கு இம்முறை புதியதாகத் தோன்றவில்லை. க.பொ.த. பரீட்சையில் எமது பிள்ளைகள் விடைத்தாளிற் பெயர் எழுதுவதில்லை. சுட்டெண் மாத்திரமே எழுதுவார்கள். திருத்துபவர் நேர்மையற்றவர் என்பதனால் அல்ல. தான் படிப்பித்த பிள்ளை என்று தெரிந்தால், மிக நேர்மையான ஆசிரியரின் பேனாவும் அவரை அறியாமலே இரண்டு புள்ளி கூடப் போட்டுவிடும். நோயாளரை மதிப்பிடும் வைத்தியரும் மனிதரே. மனநோயில் இந்த ஆபத்து மேலும் பெரிது. காசநோய்க்கு மார்புப் படம் உண்டு. நீரிழிவுக்குக் குருதிப் பரிசோதனை உண்டு. மனம் தெளிந்ததா என்பதைப் பேசிப் பார்த்தும் நடத்தையைப் பார்த்துமே சொல்ல வேண்டும். ஆகையினாற்றான் மனநோய் ஆய்வுகளில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயாளரும் மதிப்பிடுபவரும் அறியாதிருப்பது இயன்ற இடமெல்லாம் வற்புறுத்தப்படுகின்றது.

இன்சுலின் கட்டுக்கதை

1953ஆம் ஆண்டு, ஹரல்ட் போர்ன் என்ற இளம் பிரித்தானிய வைத்தியர் 'லான்செற்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். "இன்சுலின் கட்டுக்கதை" என்பது அதன் தலைப்பு. இன்சுலின் சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் யார் என்று அவர் கேட்டார். இளையவர்கள், அண்மையில் நோயுற்றவர்கள், உடல்நலம் உள்ளவர்கள், அதாவது எப்படியும் தேறும் வாய்ப்புக் கூடியவர்கள். ஊரில் சில ரியூட்டறிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளை மாத்திரம் சேர்த்துக்கொண்டு, பல்கலைக்கழகம் புகுந்தோரின் எண்ணிக்கையைச் சுவரொட்டியில் அச்சிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெறுபேறு பொய்யன்று, ஆனால் அது ரியூட்டறியின் திறமைக்குச் சான்றுமன்று. அதன்மேல் இன்சுலின் விடுதியிற் கிடைத்த தனிக் கவனிப்பும் சேர்ந்துகொண்டது என்று போர்ன் சுட்டிக்காட்டினார்.

மூத்த வைத்தியர்கள் பலர் மறுப்புக் கடிதங்கள் எழுதினார்கள். கண்ணாற் கண்டோம், அனுபவத்தால் அறிந்தோம் என்பதே அவர்களின் வாதம். வாதத்தினால் இது முடிவுறாது என்று கண்ட பிரையன் அக்னரும் அவருடன் பணியாற்றியோரும் லண்டனில் ஆய்வொன்றை நடத்தி, 1957ஆம் ஆண்டு அதே சஞ்சிகையில் வெளியிட்டனர். நோயாளர் எழுமாற்றாக இரு குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இன்சுலினால் ஆழ்மயக்கமுற்றனர். மற்றக் குழுவினர் பார்பிற்றுரேற் என்ற தூக்க மருந்தினால் உணர்விழந்தனர். ஏனைய கவனிப்பு இரு சாராருக்கும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டனர். முடிவில் இரு குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை.

அதாவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதரை மரணத்தின் வாசல் வரை கொண்டுசென்று திருப்பிய அந்த மருந்துக்குத் தனிச் சக்தி ஏதும் இருக்கவில்லை. குணம் இருந்த இடம் வேறாக இருக்கலாம்: கட்டிலருகில் அமர்ந்திருந்த தாதியிடம், குளிப்பாட்டி உடுப்பித்த கைகளில், மாலை உலாவில், இவர் தேறுவார் என்று ஒருவர் உறுதியாக நம்பியதில். இது சிறிய கண்டுபிடிப்பன்று.

எனினும் பழக்கம் உடனே சாகவில்லை. கணிதமேதை ஜோன் நாஷ் 1961ஆம் ஆண்டு மனச்சிதைவு நோயுடன் அனுமதிக்கப்பட்டபோது அவருக்கு இன்சுலின் ஆழ்மயக்கமே கொடுக்கப்பட்டது. இலண்டன் ஆய்வு வெளியாகி நான்காண்டுகள் கழிந்திருந்தன. அது நடந்த இடமும் கொட்டன் முன்பு ஆட்சி செய்த அதே ட்ரென்ரன் வைத்தியசாலைதான். 1994ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

பொய்யை மட்டும் அன்று, மெய்யையும்

இதுவரை படித்தவர்கள், மனநோய் வைத்தியம் முழுவதும் வெறும் மாயை என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது. அது பெருந்தவறாகும். பொய்யைத் தள்ளிய அதே ஒப்பீடு மெய்யைக் காப்பாற்றியும் தந்தது.

1952ஆம் ஆண்டு பரிஸ் நகரின் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்ப்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்து நற்பயன் கண்டதாக அறிவித்தனர். இன்சுலினைப் போல இதுவும் வைத்தியரின் நம்பிக்கையால் வந்த பயன்தானா? அமெரிக்காவில் ஒன்பது வைத்தியசாலைகள் கூடி நடத்திய பெரும் ஆய்வு 1964ஆம் ஆண்டு வெளியாயிற்று. குளோர்ப்புரோமசினும் அதன் இன மருந்துகளும் ஒருபுறம், பார்வைக்கு வேறுபாடற்ற வெற்று மருந்து மறுபுறம். யாருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. ஆறு கிழமைகளில், மருந்து பெற்றோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் குறிப்பிடத்தக்க அளவு தேறினர். வெற்று மருந்து பெற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே அவ்வாறு தேறினார். இங்கு மருந்துக்குச் சக்தி உண்டு என்பது தெளிவு. கை நடுக்கம், உடல் விறைப்பு முதலிய பக்க விளைவுகளும் அம்மருந்துகளுக்கு உண்டு. அவற்றையும் மறைக்காமற் காட்டுவது ஒப்பீடுதான்.

எமது மக்கள் 'கறன்ற் பிடிக்கிறது' என்று சொல்லி அஞ்சும் மின்வலிப்புச் சிகிச்சையின் கதையும் இதுபோன்றதே. 1938ஆம் ஆண்டு உரோமாபுரியில் தொடங்கிய இச்சிகிச்சை பார்ப்பதற்கு இன்சுலினிலும் கொடியது. ஆகவே இதுவும் சோதனையிற் தோற்றுவிடும் என்றே எவரும் எண்ணுவர். பிரித்தானியாவில் கடும் மனச்சோர்வுற்ற 250 பேரை நான்கு குழுக்களாக்கி நடத்திய ஆய்வு 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. மின்வலிப்புச் சிகிச்சையும் இமிப்பிரமின் என்ற மருந்தும் வெற்று மருந்தை வென்றன. அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்ட பெனல்சின் என்ற மருந்து அந்த ஆய்வில் வெல்லவில்லை. பின்னர் 1980ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 70 நோயாளர் அனைவருக்கும் மயக்க மருந்து கொடுத்து, பாதிப் பேருக்கு மாத்திரம் மின்சாரத்தைச் செலுத்தினர். சிகிச்சை முடிந்த வேளையில் மின்சாரம் பெற்றோரே கூடுதலாகத் தேறியிருந்தனர். ஆறு மாதங்களின் பின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. உண்டு என்ற இடத்தில் உண்டு என்றும், நிலைக்கவில்லை என்ற இடத்தில் நிலைக்கவில்லை என்றும் சொல்லும் இந்த நேர்மையே ஒப்பீட்டின் பெருமை.

கையொப்பத்தின் பின்னால் உள்ள உரிமை

"பரிசோதனை" என்ற சொல் அந்தத் தாயின் மனத்தில் அச்சத்தை எழுப்பியதற்குக் காரணம் உண்டு. நாசி ஜேர்மனியில் 1940, 1941ஆம் ஆண்டுகளில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனநோயாளரும் ஊனமுற்றோரும் அரசின் திட்டப்படி கொல்லப்பட்டனர். முகாம்களில் அடைபட்டோர் மீது கொடிய பரிசோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றைச் செய்த வைத்தியர்கள் நூரெம்பேர்க் நகரில் விசாரிக்கப்பட்டபோது, 1947ஆம் ஆண்டு, எந்தப் பரிசோதனைக்கும் அந்த மனிதரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்ற விதி எழுதப்பட்டது. 1964ஆம் ஆண்டு உலக வைத்தியர் சங்கம் ஹெல்சிங்கியில் அதனை விரிவாக்கிப் பிரகடனஞ் செய்தது. அதன்படி, ஆய்விற் சேர மறுப்பவரும் இடையில் விலகுபவரும் அதன் காரணமாகத் தம் வழமையான சிகிச்சையை இழக்கக்கூடாது.

அகதியாக வந்தவர்களுக்கு இது முக்கியமானது. நாம் படிவங்களைக் கண்டால் மறுக்க அஞ்சுகிறவர்கள். கையொப்பமிட மறுத்தால் விசாவுக்கு இடையூறு வருமோ, வைத்தியர் கோபிப்பாரோ என்று எண்ணுகிறவர்கள். அந்தக் கையொப்பம் எம்மைக் கட்டிப்போடுவதற்காக வந்ததன்று. எம்மைப் போன்று குரலற்றவர்களைக் காப்பதற்காக, பலருடைய உயிரை விலையாகக் கொடுத்து வந்தது.

எமது பிள்ளைகளின் கதை

இவ்வரலாறு எமது மண்ணையும் தொட்டிருக்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, வடகிழக்கில் போரினால் ஏற்கெனவே நொந்திருந்த பிள்ளைகள் மீண்டும் நொந்தனர். முகாம்களில் வாழ்ந்த அத்தகைய பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடைபெற்று, 2009ஆம் ஆண்டு வெளியாயிற்று. நெருக்கீட்டுக்குப் பிந்திய உளத்தாக்கத்தின் அறிகுறிகள் காணப்பட்ட 31 பிள்ளைகள் எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டனர். 16 பிள்ளைகளைத் தம் வாழ்க்கையை ஆதியோடந்தமாகக் கதையாகச் சொல்ல வைத்தார்கள். பயங்கரமான கட்டங்களையும் ஒளிக்காமல். 15 பிள்ளைகளுக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் ஆறு அமர்வுகள்.

ஆறு மாதங்களின் பின், கதை சொன்ன பிள்ளைகளில் நூற்றுக்கு 81 வீதத்தினரும், தியானம் பயின்றோரில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். இவ்வளவு சிறிய தொகையில் அது வேறுபாடாகக் கொள்ளத்தக்கதன்று. இரண்டும் ஒத்த பயனையே தந்தன. ஆனால் சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு அங்கு இருக்கவில்லை. ஆகவே, காலம் செல்லச் செல்லப் பிள்ளைகள் தாமாகவே தேறிய பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வினாற் பிரித்துச் சொல்ல இயலாது. 1922இல் நியூயோர்க்கில் கேட்கப்பட்ட அதே கேள்வி எமது முகாமிலும் எழுகின்றது. அல்லலுற்ற பிள்ளைகளைச் சும்மா வைத்துப் பார்க்க மனம் வராது என்பதும் உண்மை; பார்க்காவிடின் முழு விடை கிடைக்காது என்பதும் உண்மை. இந்த இக்கட்டு இன்றும் தீரவில்லை.

அந்தத் தாய்க்குச் சொன்னது

ஒரு கிழமை கழித்து அந்தத் தாய் மீண்டும் வந்தார். இக்கதைகளிற் சிலவற்றை அவருக்குச் சொன்னேன். "தங்கச்சி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எது நல்லதெண்டு இவைக்கு இன்னும் தெரியாது. தெரியாது எண்டதை ஒப்புக்கொள்ளுறதுக்காகத்தான் சீட்டுக் குலுக்கினம். தெரியும் எண்டு நம்பினவர்தான் பல்லைப் பிடுங்கினவர்" என்றேன்.

பின்னர் இருவருமாக இருந்து, வைத்தியரிடம் கேட்பதற்கு நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். புதிய சிகிச்சையை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்? மற்றக் குழுவில் விழுந்தால் இப்போது எடுக்கும் மருந்து நிறுத்தப்படுமா? தேறியதா இல்லையா என்று பார்ப்பவர், பிள்ளை எந்தக் குழு என்பதை அறிந்தவரா? இடையில் விலகினால் வழமையான வைத்தியம் தொடருமா? இவற்றைத் தமிழிற் கேட்டு விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்றும், அயலவரையோ உறவினரையோ அதற்கு அழைத்துப்போக வேண்டாம் என்றும் சொன்னேன். பிள்ளையின் அந்தரங்கம் ஊர்க்கதையாகிவிடக் கூடாதல்லவா?

கையொப்பமிடுவதா, விடுவதா என்பதில் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் வயது வந்தவன். நோய் தணிந்திருக்கும் வேளைகளில் தெளிவாகச் சிந்திப்பவன். முடிவு அவனுடையது. அத்தாளை மகனிடமே கொடுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

எமது சமூகத்தில் மனநோய் வந்த வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நோயை மறைப்பதிற் செலவாகும் காலத்தில் நோய் முற்றுகின்றது. கதவு திறந்தால், ஒருவர் மந்திரத்தையும், ஒருவர் மூலிகையையும், ஒருவர் இணையத்திற் கண்ட மருந்தையும் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த யாரோ குணமடைந்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர்களைப் புண்படுத்தத் தேவையில்லை. எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாற் போதும். அதே கேள்வியை வெள்ளை அங்கி அணிந்தவரிடமும் கேட்க வேண்டும். நல்ல வைத்தியர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

விடை வரும்வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வைத்தியர் தந்த குளிசையைத் தவறாது கொடுப்பதோடு, அந்த இளைஞனோடு இருந்து சாப்பிடுவதும், அவனை மாலையில் உலாவ அழைத்துச் செல்வதும், அவன் தேறுவான் என்ற நம்பிக்கையைக் கைவிடாதிருப்பதும் எம்மால் ஆகும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் தன் தாயுடன் எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திச் சென்றான். அந்தத் தாள் நான்காக மடிக்கப்பட்டு அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. ஐந்தாவது கேள்வியொன்றை அவனே எழுதியிருந்தான்: ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா?